வழிநூலும் முழுமதிப்பெண்ணும்

நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. முன்னோன் நூலின் முடிபைத் தழுவி, தான் வேண்டும் வேறுபாட்டையும் கூட்டி, மரபு அழியாமல் செய்யப்படுவது வழிநூல் என்று நன்னூலார் கருதினார். தொல்காப்பியர் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுத்தார். இப்பாகுபாட்டை மாணவர்க்கு உரைக்கும் ஆசிரியரை எதிர்நோக்கி ஒரு வினா நிற்கிறது. வழிநூல் முதல்நூலை விஞ்சக் கூடுமோ? விஞ்சினால் அதனை எந்த அளவுகோலால் அளப்பது?

இவ்வினாவுக்கு ஏட்டுச் சுவடியிலேயே விடை தேட வேண்டும் என்பதில்லை. அண்மைக் காலத்தில் தோன்றிய ஒரு கலைத்துறையிலும் அதே வினா எழுந்தது. அங்குள்ள திறனாய்வாளரும் அதே இடரில் அகப்பட்டனர். 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த 'சோல்காலிபர்' என்னும் வீடியோ விளையாட்டு பெற்ற வரவேற்பே அது. படைக்கலம் ஏந்திப் பொருதும் விளையாட்டு ஒன்றின் இரண்டாம் படைப்பாகிய அதற்கு முழுமதிப்பெண் கிடைத்தது. அம்மதிப்பெண் தகுதியால் வந்ததா, வியப்பால் வந்ததா என்பது ஆராயத்தக்கது.

முதல்நூல்

திரையில் இரு வீரர் எதிரெதிர் நின்று பொருதும் விளையாட்டுக்கு 1990-க்குப் பின் பெருஞ் செல்வாக்கு ஏற்பட்டது. முதலில் அவ்வுருவங்கள் தட்டையான சித்திரங்களாக இருந்தன. 1993-இல் சேகா நிறுவனம் 'வெர்ச்சுவா ஃபைட்டர்' என்னும் விளையாட்டில் நீளம், அகலம், ஆழம் என்னும் முப்பரிமாணத்தில் வீரரை நிறுத்தியது. 1994-இல் நாம்கோ நிறுவனம் 'டெக்கன்' விளையாட்டைக் கொணர்ந்தது. இவை கையும் காலுமே படைக்கலமாகக் கொண்ட மற்போர்கள். வாளும் வேலும் ஏந்திய போருக்கு எஸ்.என்.கே. நிறுவனத்தின் 'சாமுராய் ஷோடவுன்' 1993-இலேயே வழி காட்டியிருந்தது. ஆனால் அது தட்டைச் சித்திர முறையில் அமைந்தது.

இவ்விரு நெறிகளையும் இணைத்து நாம்கோ நிறுவனம் 1995-இல் இயற்றியதே 'சோல் எட்ஜ்'. காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில் அது முதலில் தோன்றியது. 1996-இன் இறுதியில் வீட்டில் ஆடும் 'பிளேஸ்டேஷன்' பொறிக்கு வந்தது. மேலை நாடுகளில் 'சோல் பிளேட்' என்னும் பெயரால் வழங்கியது. பதினாறாம் நூற்றாண்டே கதையின் காலம். உலகெங்கும் உள்ள வீரர் பலர் ஒரு மாய வாளைத் தேடி அலைகின்றனர். அவ்வாளோ தன்னைத் தீண்டியவரின் உயிரை உண்ணும் கொடுமை உடையது. ஜப்பானிய வாள்வீரன் மிட்சுருகி, கேடயம் தாங்கிய கிரேக்கப் பெண் சோஃபிடியா, இரு கைகளால் பேர்வாள் வீசும் செருமானிய இளைஞன் சீக்ஃபிரீட், கொரிய நங்கை சாங் மீனா ஆகியோர் அதன் மாந்தர். இத்தாலியனாகிய வோல்டோ ஏந்துவது கட்டாரி. இந்திய நிலத்துக்கு உரிய அப்படைக்கலத்தின் பெயர் தமிழ் வாசகர்க்குப் புதியதன்று.

சோல் எட்ஜ் குறை இல்லாத நூலன்று. வீரர் முன்னும் பின்னும் செல்வதில் காட்டிய விரைவைப் பக்கவாட்டில் செல்வதில் காட்ட இயலவில்லை. ஆழம் திரையில் தீட்டப்பட்டிருந்தது. போரோ பெரும்பாலும் ஒரு கோட்டின்மேல் நிகழ்ந்தது. முப்பரிமாணம் கண்ணுக்கு இருந்தது, காலுக்கு இல்லை எனலாம். அக்காலத்துப் போர் விளையாட்டுகள் பலவற்றுக்கும் பொதுவான குறை இது.

வழிநூல்

சோல்காலிபர் 1998-இல் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. இயற்றிய குழுவின் தலைவர் யோதோரியாமா ஹிரோவாகி. கதை முதல்நூலின் தொடர்ச்சியே. பழைய மாந்தர் சிலர் நிலைத்தனர், சிலர் நீங்கினர், புதியோர் சிலர் புகுந்தனர். கோல் ஏந்திய கிலிக், சீன வாள் ஏந்திய சியாங்குவா, இருகோல் சுழற்றும் மாக்ஸி, சாட்டைபோல் நீண்டு மீளும் வாளை உடைய ஐவி ஆகியோர் புதியவர். சீக்ஃபிரீட் அந்த மாய வாளின் பிடியில் அகப்பட்டு 'நைட்மேர்' என்னும் கொடிய உருவெய்தினான். முன்னோன் முடிபைத் தழுவிப் பின்னோன் வேறுபாட்டைக் கூட்டுதல் என்னும் இலக்கணம் இதன்கண் பொருந்துவதைக் காணலாம்.

ஆயினும் இவ்விளையாட்டின் பெருமை கதை மாந்தரால் வந்ததன்று. 'எண்திசை ஓட்டம்' என்று கூறத்தக்க புதிய இயக்கமுறையே அதன் உயிர்நாடி. கைப்பிடியை எத்திசையில் அழுத்திப் பிடித்தாலும் வீரன் அத்திசையில் தடையின்றி நடப்பான். எதிரியைச் சுற்றி வரலாம், பக்கவாட்டில் ஒதுங்கலாம், பின்வாங்கி வளைந்து மீண்டும் நெருங்கலாம். கேட்பதற்கு எளிய செய்தி இது. ஆனால் இதனால் விளைந்த மாற்றம் பெரிது.

படைக்கல அடிகளை இவ்விளையாட்டு நெடுவீச்சு, குறுக்குவீச்சு என இரண்டாகப் பகுக்கிறது. மேலிருந்து கீழாக இறங்குவது நெடுவீச்சு. அது வலியது, ஆனால் பக்கத்தே ஒதுங்குபவனைத் தீண்டாது. இடமிருந்து வலமாகச் சுழல்வது குறுக்குவீச்சு. அது ஒதுங்குபவனையும் பிடித்துக்கொள்ளும். ஒதுங்கும் உரிமை முழுமையாக வழங்கப்பட்ட பின்னரே இப்பாகுபாடு முழுப் பொருள் பெற்றது. எதிரி ஒதுங்குவானா, நின்று தாங்குவானா என்று ஊகித்து வீச்சைத் தேர வேண்டியதாயிற்று. தாங்கி நிற்பவனைப் பற்றி எறியலாம். வரும் அடியை உரிய நொடியில் தட்டி விலக்கும் முறையும் உண்டு. அது முதல்நூலிலேயே இருந்தது, வழிநூலில் செம்மை பெற்றது. அரங்கின் விளிம்புக்கு வெளியே வீழ்ந்தவன் தோற்றவன் ஆதலின், நிற்கும் இடமும் கணக்கில் வந்தது. இங்ஙனம் ஓர் உரிமையைச் சேர்த்ததனால் பழைய உறுப்புகள் யாவும் புதுப்பொருள் எய்தின. வழிநூலாசிரியன் கூட்டும் வேறுபாடு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

பொறிபெயர்ப்பு

கூடத்தில் வந்த சோல்காலிபர் மேற்கூறிய சிறப்புகளை எல்லாம் உடையதாகவே இருந்தது. எனினும் முழுமதிப்பெண்ணும் உலகப் புகழும் அதற்கு அப்போது வரவில்லை. அது இயங்கிய 'சிஸ்டம் 12' என்னும் பொறி, பிளேஸ்டேஷனின் அமைப்பை அடியொற்றியது. 1998-இல் அது முதுமை எய்திய அமைப்பு.

1998 நவம்பரில் சேகா நிறுவனம் 'டிரீம்காஸ்ட்' என்னும் புதிய வீட்டுப் பொறியை ஜப்பானில் வெளியிட்டது. அது சிஸ்டம் 12-ஐக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றல் உடையது. நாம்கோவின் குழுவினர் விளையாட்டை அப்பொறிக்கு மாற்றி அமைத்தனர். 1999 ஆகஸ்டில் ஜப்பானிலும், அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் டிரீம்காஸ்ட் அமெரிக்காவில் அறிமுகமான அன்றே அந்நாட்டிலும் அது விற்பனைக்கு வந்தது.

அதுநாள்வரை கூடத்துப் பொறியே மேலானது, வீட்டுப் பொறி அதன் நிழல் என்பது பொது வழக்கு. கூடத்தில் கண்டதில் எவ்வளவு வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று அளந்து பார்ப்பதே திறனாய்வாளர் தொழிலாக இருந்தது. மொழிபெயர்ப்பில் மூலத்தின் சுவை எவ்வளவு எஞ்சியது என்று அளப்பதை ஒத்தது அது. சோல்காலிபர் அவ்வளவையைத் தலைகீழாக்கியது. பெயர்ப்பு மூலத்தினும் அழகியதாக வந்தது. மாந்தரின் முகமும் உடையும் அரங்கமும் புதிதாகத் தீட்டப்பட்டன. அசைவு நொடிக்கு 60 படம் என்னும் அளவில் தளராது ஓடியது. நிபந்தனைகளோடு கூடிய போர்களை வென்று, ஈட்டிய புள்ளிகளைக் கொடுத்து ஓவியங்களைச் சேர்க்கும் பகுதி ஒன்றும் கூட்டப்பட்டது. வீரர் தனித்து நின்று தம் படைக்கலப் பயிற்சியைக் காட்டும் பகுதியும் இருந்தது. ஆகவே இது தொல்காப்பியர் கூறிய விரித்தலும் மொழிபெயர்த்தலும் ஒருங்கமைந்த வழிநூல் எனலாம்.

திறனாய்வாளர் தீர்ப்பு

ஜப்பானில் 'ஃபாமிட்சு' என்னும் இதழ் 1986 முதல் விளையாட்டுகளை மதிப்பிட்டு வருகிறது. நால்வர் தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் இடுவர்; நான்கையும் கூட்டி நாற்பதுக்குக் காட்டுவது அதன் வழக்கம். 1998-இல் 'செல்டா: ஒகரினா ஆஃப் டைம்' என்னும் விளையாட்டுத்தான் முதன்முதலில் 40-க்கு 40 பெற்றது. அதனை அடுத்து அப்பேறு எய்தியது சோல்காலிபர். பதின்மூன்று ஆண்டுகளில் இரண்டே படைப்புகள் எட்டிய உயரம் அது. போர் விளையாட்டு வகையில் அதுவே முதலாவது. அமெரிக்காவில் 'ஐ.ஜி.என்.', 'கேம்ஸ்பாட்' ஆகியவையும் பத்துக்குப் பத்து வழங்கின. பல திறனாய்வுகளின் மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி காட்டும் 'மெட்டாக்ரிட்டிக்' 2001-இல் தொடங்கியது. அதன் பட்டியலில் டிரீம்காஸ்ட் சோல்காலிபர் 98 என்னும் எண்ணோடு, எக்காலத்துக்கும் உரிய முதல்வரிசையில் இடம்பெற்றது.

இத்திறனாய்வுகளின் போக்கை நோக்குமிடத்து இரண்டு பாராட்டுகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று கண்ணைப் பற்றியது. மற்றொன்று கையைப் பற்றியது. உருவங்களின் அழகு, ஒளி, அசைவின் ஒழுக்கு ஆகியவற்றைப் போற்றுவது முன்னது. கைப்பிடியில் விரல் வைத்தவுடன் வீரன் விரும்பியவாறு இயங்குதல், புதியவரும் விரைவில் கற்றுக்கொள்ளுதல், தேர்ந்தவரும் ஆழம் காணுதல் ஆகியவற்றைப் போற்றுவது பின்னது. பெரும்பாலோர் இரண்டையும் ஒருசேரப் புகழ்ந்தனர். ஆனால் முன்னதற்கே அவர்கள் முதலிடம் தந்தனர். கூடத்தை வென்ற வீட்டுப் படைப்பு என்னும் வியப்பு அவர்களை ஆட்கொண்டிருந்தது. அது இயல்பே. புதிய பொறியின் தகுதியை மக்களுக்கு மெய்ப்பித்துக் காட்டும் சான்றாகவும் அவ்விளையாட்டு அன்று நின்றது.

ஐயமும் சான்றும்

இங்கேதான் ஐயம் எழுகிறது. மதிப்பெண் படைப்புக்கா, பொறிக்கா? சோல்காலிபரின் உறுப்புகளில் எண்திசை ஓட்டமும் அடிகளின் பாகுபாடும் கூடத்தில் முந்திய ஆண்டே இருந்தன. ஓராண்டில் சேர்ந்தது பெரும்பாலும் ஒப்பனையே. ஒப்பனை ஏறியபின் முழுமதிப்பெண் வந்தது என்றால், திறனாய்வாளர் ஒப்பனைக்கே மதிப்பெண் இட்டனர் என்று சிலர் வாதிக்கக் கூடும்.

இவ்வாதத்துக்குத் துணையாக ஒரு முன்நிகழ்ச்சியும் உண்டு. 1995-இன் தொடக்கத்தில் பிளேஸ்டேஷனுக்கு 'தோஷிண்டென்' என்னும் விளையாட்டு வந்தது. அதுவும் படைக்கலப் போரே. அதுவும் முப்பரிமாணத்தில் அமைந்தது. அதுவும் புதிய பொறியோடு புதிதாக வந்து கண்ணைக் கவர்ந்தது. அன்று அதற்குப் பெரும்புகழ் கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அப்புகழ் மங்கிற்று. டெக்கனும் அதன் பின்வந்தவையும் வளர வளர, தோஷிண்டெனின் இயக்கம் கரடுமுரடானது என்பது வெளிப்பட்டது. பின்னாளில் அது தகுதிக்கு மீறிப் புகழப்பட்ட ஒன்றாகவே பலரால் கருதப்பட்டது. பொறியின் புதுமை படைப்பின் புதுமையாகத் தோன்றி மயக்கியதற்கு அது சான்று.

சோல்காலிபரும் அவ்வகையைச் சேர்ந்ததோ? காலம் ஒரு தேர்வு நடத்தியது. டிரீம்காஸ்ட் நெடுநாள் வாழவில்லை; 2001-இல் சேகா அதன் உற்பத்தியை நிறுத்தியது. 2008-இல் சோல்காலிபர் 'எக்ஸ்பாக்ஸ் 360' பொறிக்கு இணையம் வழியாக மீண்டும் வந்தது. ஒன்பது ஆண்டுகளில் திரையோவியக் கலை பெரிதும் முன்னேறியிருந்தது. ஒருகாலத்தில் கண்ணைப் பறித்த உருவங்கள் இப்போது பழையனவாகத் தோன்றின. திறனாய்வாளர் இட்ட மதிப்பெண்களும் முந்தைய உயரத்துக்கு வெகு கீழே நின்றன.

ஆயினும் அக்குறைவின் காரணங்களைப் பகுத்துக் காணுதல் வேண்டும். நிபந்தனைப் போர்கள் அடங்கிய பகுதி அப்பதிப்பில் நீக்கப்பட்டிருந்தது. தொலைவில் உள்ளவரோடு இணையவழி ஆடும் வசதி அதில் சேர்க்கப்படவில்லை. 2008-இல் ஆடுவோர் அதனை இயல்பாக எதிர்பார்த்தனர். திறனாய்வாளர் முறையிட்டது பெரும்பாலும் இவ்விரு குறைகளைப் பற்றியே. போரின் இயக்கத்தையோ அவர்கள் பழித்தாரல்லர். அது இன்னும் இனிமையுடையது என்றே பலரும் ஒப்பினர். கண்ணுக்கு இட்ட மதிப்பெண்ணைக் காலம் திரும்பப் பெற்றது. கைக்கு இட்ட மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. தோஷிண்டெனுக்கும் சோல்காலிபருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னதில் ஒப்பனை கலைந்தபின் எஞ்சியது குறைவு. பின்னதில் ஒப்பனை கலைந்தபின்னும் உடல் திண்மையோடு நின்றது.

அவ்வாறாயின் கூடத்தில் இருந்தபோதே அவ்வுடலின் திண்மையை ஏன் உலகம் காணவில்லை என்று வினவலாம். கூடத்தில் ஒருவன் காசு போட்டுச் சில மணித்துளி ஆடுவான். தோற்றால் எழுந்து பிறனுக்கு இடம் விடுவான். இயக்கத்தின் நுட்பம் அவ்வளவு விரைவில் புலப்படாது. வீட்டில் நாள்தோறும் பலமுறை ஆடியபோதே அது விளங்கிற்று. ஆகவே டிரீம்காஸ்ட் பதிப்பு சேர்த்தது அழகு மட்டுமன்று. ஊன்றிக் கற்கும் ஓய்வையும் அது சேர்த்தது. ஒரே செய்யுளைச் சந்தையில் கேட்பதற்கும் வகுப்பில் பலகால் ஓதி உணர்வதற்கும் உள்ள வேறுபாடு இஃது.

சொல்லாமல் விட்ட குறைகள்

முழுமதிப்பெண் என்பது குறையே இல்லை என்னும் உறுதிமொழி அன்று. ஆனால் படிப்போர் அவ்வாறே பொருள் கொள்வர். ஆதலின் முழுமதிப்பெண் இடுபவர் குறைகளையும் வெளிப்படையாகக் கூறும் கடமை உடையவர். சோல்காலிபரில் குறை இல்லாமல் இல்லை.

முதற்குறை கதையைப் பற்றியது. பிளேஸ்டேஷனுக்கு வந்த முதல்நூலில் ஒவ்வொரு மாந்தரின் பயணத்தையும் ஏட்டைப் புரட்டுவது போலச் சொல்லும் பகுதி இருந்தது. வீரர் வழியில் படைக்கலங்களைப் பெற்றுச் செல்வர். வழிநூல் அப்பகுதியைத் தொடரவில்லை. நிபந்தனைப் போர்கள் அவ்விடத்தை நிரப்பினவேனும், கதையின் சுவை குன்றிற்று. நன்னூலார் கூறும் குற்றங்களுள் குன்றக் கூறல் என்பது இதற்குப் பொருந்தும். இரண்டாவது குறை உடையமைப்பைப் பற்றியது. பெண் வீரர் சிலரின் உடை போருக்கு உரியதாக அன்றி நோக்குவோர் கண்ணுக்கு உரியதாக அமைந்தது. ஐவியின் கோலம் பின்வந்த பகுதிகளில் இன்னும் மிகுந்தது. அதற்கேற்பக் கண்டனமும் மிகுந்தது. 1999-இன் பாராட்டுரைகளில் இது பெரிதாகப் பேசப்படவில்லை. வியப்பு மிக்க இடத்தில் நடுநிலைக் கண் சற்றே மூடுவது இயல்பு. எனினும் இயல்பானது எல்லாம் நெறியாகிவிடாது.

மூன்றாம் படைப்பின் நிலை

முழுமதிப்பெண்ணின் விளைவு அடுத்த படைப்பின்மேல் விழுந்தது. 'சோல்காலிபர் 2' 2002-இல் கூடங்களிலும் 2003-இல் வீட்டுப் பொறிகளிலும் வந்தது. இம்முறை பொறி ஒன்றன்று. பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், எக்ஸ்பாக்ஸ் என மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு விருந்தினர் இடம்பெற்றார். கேம்கியூப் பதிப்பில் செல்டா கதையின் தலைவன் லிங்க். பிளேஸ்டேஷன் 2 பதிப்பில் டெக்கன் குடும்பத்து ஹெய்ஹாச்சி. எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் அமெரிக்கச் சித்திரக்கதை மாந்தன் ஸ்பான். படைக்கலங்களைத் தேடிச் சேர்த்துப் பல நாடுகளில் பொருதிச் செல்லும் நெடும்பகுதியும் மீண்டது. முதல்நூலில் இருந்து இரண்டாம் நூலில் விடுபட்ட சுவை மூன்றாவதில் ஓரளவு திரும்பியது எனலாம்.

இயக்கத்தில் அது முன்னதினும் செம்மையானது என்று கருதுவோர் பலர். திறனாய்வாளரும் பெருமதிப்பெண்களே இட்டனர். தொகுப்புச் சராசரி மூன்று பொறியிலும் 90-ஐத் தாண்டியது. ஆனால் பாராட்டின் குரல் மாறியிருந்தது. சிறந்தது, ஆனால் முன்னதைப் போன்றது என்பதே பல உரைகளின் சாரம். முன்னது எழுப்பிய அதிர்ச்சியை இது எழுப்பவில்லை என்னும் ஏக்கம் அவற்றில் தொனித்தது. விருந்தினருள் லிங்க்கைப் போற்றாதார் இல்லை. ஆயினும் விருந்தினரைப் பற்றியே மிகுதியும் பேசும் நிலை, விருந்து அளித்தவன் புதிதாகச் சமைத்தது குறைவு என்பதையும் உணர்த்திற்று.

ஈண்டுக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1999-இல் நாற்பதுக்கு நாற்பது இட்டவர், அதனினும் நிறைவான படைப்பு வந்தால் என்ன இடுவர்? அளவுகோலின் இறுதிக் கோடு ஏற்கெனவே தொடப்பட்டுவிட்டது. மேலும் செம்மை பெற்ற மூன்றாம் நூல், வியப்பு இன்மையால் குறைந்த எண் பெற்றது. இதனால் மதிப்பெண் படைப்பின் நிறைவை மட்டும் காட்டுவதன்று, அது வந்த நாளின் எதிர்பார்ப்பையும் காட்டுகிறது என்பது பெறப்படும். எதிர்பார்ப்புக்கு மேல் எவ்வளவு உயர்ந்தது என்பதே அவ்வெண்ணின் உண்மைப் பொருள். ஆகவே வெவ்வேறு ஆண்டில் வந்த படைப்புகளின் எண்களை ஒரே நிரலில் வைத்து ஒப்பிடுதல் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

தீர்ப்பு

அவ்வாறாயின் சோல்காலிபருக்கு இடப்பட்ட முழுமதிப்பெண் பிழையா? பிழையன்று. ஆனால் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களில் பாதியே நிலைத்தது. திறனாய்வாளர் கண்ட அழகு பத்தாண்டுகூட நில்லாது பழமையுற்றது. அவர்கள் இரண்டாவதாக வைத்த இயக்கச் சிறப்போ அவ்விளையாட்டுக் குடும்பம் முழுவதற்கும் அடிப்படை ஆயிற்று. 2005, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்றாம், நான்காம், ஐந்தாம் பகுதிகளும் எண்திசை ஓட்டத்தை விடவில்லை. 2018-இல் வந்த ஆறாம் பகுதி கதையையும் மீண்டும் பழைய சோல்காலிபரின் காலத்துக்கே கொண்டு சென்றது. இருபது ஆண்டுக்குப் பின் ஒரு குடும்பம் தன் தோற்றுவாயாக முதல்நூலாகிய சோல் எட்ஜைக் காட்டாமல், வழிநூலாகிய சோல்காலிபரைக் காட்டுமாயின், அவ்வழிநூல் முதல்நூலின் இடத்தைப் பெற்றுவிட்டது என்றே கொள்ளல் வேண்டும். தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடையும் அதுவே. வழிநூல் முதல்நூலை விஞ்சலாம். விஞ்சுவது ஒப்பனையாலன்று, முன்னோன் வைத்த உறுப்புகள் அனைத்துக்கும் புதுப்பொருள் தரும் ஒரு வேறுபாட்டைக் கண்டு கூட்டுவதனால்.

திறனாய்வாளர்க்கும் இதில் பாடம் உண்டு. புதியது கண்டு வியத்தல் குற்றமன்று. வியவாதவன் கலையைச் சுவைக்க மாட்டான். ஆனால் வியப்பு அடங்கிய பின்னும் நிற்பது எது என்று ஒருமுறை தன்னையே வினவிக்கொண்டு எழுதுவது நன்று. வண்ணத்தை நீக்கிப் பார்த்தல், ஒலியை நீக்கிப் பார்த்தல், பொறியின் புகழை நீக்கிப் பார்த்தல், அதன்பின் எஞ்சுவதை எடைபோடுதல் என்னும் முறை கைக்கொண்டிருந்தால் தோஷிண்டென் அன்று அவ்வளவு உயரம் ஏறியிராது. கூடத்துச் சோல்காலிபர் ஓராண்டு முன்னரே உரிய இடம் பெற்றிருக்கும்.

மதிப்பெண் இடும் தொழில் இதழாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. மாணவன் எழுதிய கட்டுரையின் கையெழுத்தழகைக் கண்டு மகிழ்ந்து ஓரிரு எண் கூட்டி இடாத ஆசிரியர் அரியர். அழகிய கையெழுத்து பாராட்டுக்கு உரியதே. எனினும் எண் எதற்கு இடப்பட்டது என்பதை ஓரத்தில் ஒரு வரி எழுதிக் காட்டினால், மாணவனும் தன் வலிமை எழுத்திலா கருத்திலா என்று அறிந்துகொள்வான். சோல்காலிபருக்கு நாற்பதும் பத்தும் வழங்கிய உரைகளைப் பின்னாளில் எடுத்துப் படிப்போர்க்குப் பயன் தருவது அவ்வெண்ணைக் காட்டிலும் அதன் அருகே எழுதப்பட்ட காரணமே. எண் அந்நாளோடு நின்றுவிடுகிறது. காரணம் சரியாக இருந்தால் அது எந்நாளும் துணை நிற்கும்.